வெள்ளை அட்டையில் வெளிச்சம்

ஆய்வுக்கூடத்து விளக்குகளை அணைத்துவிட்டு, ஒளியிழை வடிவமைக்கும் பொறியாளரான அம்மா மகளின் தோளைப் பிடித்தபடி நிற்கிறாள். மேசைமேல் தலைமுடி கனத்தில் கண்ணாடி இழை. அதன் நீளம் நெடுக நுண்ணிய துளைகள். ஒன்றாகப் புறப்படும் ஒளியின் நிறங்கள் வழியில் முன்பின்னாகப் பிரியாமல் ஒன்றாகவே வந்து சேர, அந்தத் துளைகளை இடம் மாற்றி மாற்றி வரைந்தே அவளுக்கு வருடங்கள் ஓடிவிட்டன. மகளின் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. முழுதாகப் போவதற்குள் காட்டிவிட வேண்டுமென்றுதான் அழைத்து வந்திருக்கிறாள். பொத்தானை அழுத்துகிறாள். இடப்பக்கத்து வெள்ளை அட்டையில், இழை வழியே வந்த காசளவு வெளிச்சம் பிசிறில்லாமல் விழுகிறது. "வந்துடுச்சுடி!" என்கிறாள். வலப்பக்கத்து இருட்டுச் சுவரைப் பார்த்து மகள் சிரிக்கிறாள். "ரொம்ப அழகா இருக்கும்மா." மகளைத் திருப்பாமல், தானும் அந்தச் சுவர்ப் பக்கமே திரும்பிக்கொண்டு, "ஆமாடா தங்கம்" என்கிறாள் அம்மா.