நான்கு மூலைகளும் முழுசாக

என்ன பதில் வருமோ என்ற பயத்தோடுதான், பீரோவில் இருந்த வெளிநாட்டு பாஸ்போர்ட் அங்கே மறந்து வைக்கப்பட்ட மொபைலிடம் வாய் திறந்தது.

“தம்பி, புதுப்பிக்கிறதுக்கு என்னையும் தபால்ல அனுப்பிடுவாங்களா? எனக்கு முன்னாடி இருந்த எங்க அக்கா அப்படிப் போனவதான். ரத்துன்னு மூலையை வெட்டித் திருப்பி அனுப்பிட்டாங்க. இதோ, பக்கத்துல பேச்சுமூச்சில்லாம கிடக்கிறா.”

மொபைல் சிரித்தது. “அது அந்தக் காலம்க்கா. இப்ப எல்லாம் ஆன்லைன்தான். நீங்க பீரோவை விட்டு அசையவே வேண்டாம். கத்தரிக்கோல் உங்க பக்கமே வராது.”

பாஸ்போர்ட்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “நீ நல்லா இருக்கணும் தம்பி. எப்ப ஆரம்பிப்பாங்க?”

“காலையிலேயே விண்ணப்பிச்சாச்சு. உங்களை ரத்து பண்ணிட்டாங்கன்னு இப்பதான் செய்தி வந்துச்சு. வலிக்கலையே?”

பாஸ்போர்ட் தன் மூலைகளைத் தடவிப் பார்த்தது. நான்கும் முழுசாகவே இருந்தன. இருந்தாலும், கத்தரிக்கோலின் கண்ணில் படாதபடி பட்டுப்புடவை மடிப்புக்குள் புகுந்து ஒடுங்கிக்கொண்டது.