ஆறு நிமிட நிம்மதி

மனநிறைவை அளக்கும் ஆய்வுக்காக, பனியன் கம்பெனியில் தைக்கும் பாப்பாத்தியின் மணிக்கட்டில் தேன்மொழி ஒரு கருவியைக் கட்டியிருந்தாள். ஏழு நாள் கழித்துக் கணினியில் பார்த்தபோது, வேலை நேரத்தில் நாடித்துடிப்பின் கோடு ஓயாமல் ஏறி இறங்கியிருந்தது. புதன்கிழமை மட்டும் ஆறு நிமிடம் தாழ்ந்து அமைதியாகக் கிடந்தது.

“அக்கா, புதன்கிழமை பதினோரு மணிக்கு ரொம்ப நிம்மதியா இருந்திருக்கீங்க. என்ன பண்ணுனீங்க?”

பாப்பாத்தி யோசித்தாள். “மிசினு மேலயே மயங்கி விழுந்துட்டனுங்க. மூஞ்சில தண்ணி அடிச்சு எழுப்பி உட்டாங்க.”

“பயந்துட்டீங்களா?”

“முழிச்சப்பறந்தானுங்க பயமா இருந்துச்சு. எழுப்பாம உட்ருக்கலாம்னு தோணுச்சு.”

தேன்மொழி படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘ஓய்வு’ என்று எழுதிவிட்டு, அடுத்த பெண்ணைக் கூப்பிட்டாள்.