ஏழாவது சம்மதம்

"அண்ணாச்சி, நீங்க சம்மதம் சொல்லாம நான் இந்த இடத்தை விட்டு எந்திரிக்க மாட்டேன்!"

சொல்லிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியை நடுமுற்றத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள் நிர்மலாதேவி. தென்காசியில் ஒரு பெண்கள் கல்லூரியின் கபடிப் பயிற்சியாளர் அவள். மைதானத்தில் கத்திக் கத்தி வளர்த்த குரல். மாஸ்க் போட்டால் மட்டும் அடங்கிவிடுமா என்ன? இலஞ்சியில் அந்தத் தெருவே எட்டிப் பார்த்தது.

சிவனணைந்தபெருமாள் அறுப்பு வயலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். பத்தடி நடந்ததற்கே அவருக்கு மூச்சு இரைத்தது. தலைத்துண்டை அவிழ்த்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

"எதுக்கு டீச்சர் சம்மதம்?"

"நல்லாருக்கே! ஒண்ணும் தெரியாத பிள்ளை மாதிரி கேக்கியளே!" அவள் பையிலிருந்து ஒரு காகிதத்தை உருவி, தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசித்தாள். "'கொரோனா முடியாத இந்த நேரத்தில் என் மகள் சத்யபிரியா கபடிப் பயிற்சிக்கு வருவதில் எனக்குச் சம்மதம் இல்லை. தயவுசெய்து வற்புறுத்த வேண்டாம். இப்படிக்கு, சிவனணைந்தபெருமாள்.' வற்புறுத்த வேண்டாமாம்! விளையாட்டைத் திரும்ப ஆரம்பிக்கலாமா வேண்டாமான்னு ஒரு மாசமா மீட்டிங் போட்டு, பெத்தவங்க சம்மதிச்சா நடத்திக்கோன்னு இப்பதான் பிரின்சிபால் இறங்கி வந்திருக்காவ. நீங்க இப்படிப் பண்ணலாமா?"

சிவனணைந்தபெருமாள் காகிதத்தைப் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் பார்த்தார். கதவு ஓரத்தில் நின்ற சத்யபிரியா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா டீச்சர்" என்றார். "நான்தான் குடுத்தேன்."

"ஏன்?"

"அது வந்து... மத்த ஆட்டம் மாதிரியா இது? எதிராளி மூஞ்சிக்கு நேரா கபடி கபடின்னு பாடணும். ஏழு பேரு சேந்து அமுக்கணும். தள்ளி நில்லு, தள்ளி நில்லுன்னு ஊரெல்லாம் மைக் கட்டிச் சொல்லுதாவ. நீங்க கட்டிப் பிடிக்கச் சொல்லுதிய."

நியாயமான பேச்சுதான். ஆனாலும் விடுகிற ஆளா நிர்மலாதேவி?

"டீம்ல மத்த ஆறு பேருக்கும் கொரோனா டெஸ்ட் எடுத்தாச்சு அண்ணாச்சி. இவளுக்கும் எடுத்துருவேன். வெளியாள் ஒரு ஈ காக்கா மைதானத்துக்குள்ள வராது."

காபி கொண்டுவந்த சத்யபிரியாவின் அம்மா முப்பிடாதியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தியபடி, "இவுக கொரோனா வந்து பதினெட்டு நாளு ஆஸ்பத்திரியில ஆக்சிஜன் வச்சிக் கெடந்தாவ டீச்சர். பொழைச்சு வந்ததே சாமி புண்ணியம்" என்றாள்.

"தெரியும்க்கா. அந்தப் பயந்தான் அண்ணாச்சியைப் பேச வைக்குது. ஆனா இவளுக்கு இருபது வயசு. இரும்பு மாதிரி உடம்பு. அப்படியே வந்தாலும் தூக்கிப் போட்டுட்டுப் போயிருவா."

"வேண்டாம், விட்டுருங்க டீச்சர்" என்றாள் சத்யபிரியா உள்ளேயிருந்து. "அதான் அப்பா சம்மதிக்கலல்லா."

"நீ சும்மா இருட்டி! உங்க அப்பாகிட்ட பேச உனக்குப் பயம், எனக்கென்ன பயம்?" என்று அவளை அடக்கிவிட்டு, நிர்மலாதேவி நாற்காலியை முன்னால் நகர்த்தினாள். குரல் முதல் தடவையாக இறங்கியது.

"அண்ணாச்சி, பன்னெண்டு பேரு இருந்த டீம். லாக்டவுன்ல மூணு பேருக்குக் கல்யாணமே முடிஞ்சிட்டு. ரெண்டு பேரு வர மாட்டேன்னுட்டாளுவ. மிச்சம் ஏழு பேரு. இவ இல்லன்னா டீமே கிடையாது. வெள்ளிக்கிழமை பல்கலைக்கழக டீமுக்கு ஆள் எடுக்காவ. இவளுக்கு இது கடைசி வருஷம். அந்த சர்ட்டிபிகேட் ஒண்ணு கையில இருந்தா, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல போலீஸ் வேலைக்கு வழி இருக்கு. போச்சுன்னா போச்சுதான்."

சிவனணைந்தபெருமாள் கதவருகே போனார். எட்டி நின்றே கேட்டார்.

"ஏட்டி, உனக்குப் போகணுமா?"

சத்யபிரியாவுக்குக் கண் நிறைந்து, மாஸ்க் நனைந்தது. பாவம் பிள்ளை, அப்பாவுக்குப் பயந்து எவ்வளவு ஆசையை அடக்கி வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள் நிர்மலாதேவி.

"மூணு வருஷமா முட்டியில ரத்தத்தோட வந்து நிப்பா டீச்சர்" என்றார் அவர் மெல்ல. "எதுக்குட்டி இந்தப் பாடுன்னா, காக்கிச் சட்டை போட்டு உங்களை உக்கார வச்சிச் சோறு போடணும்ப்பான்னு சொல்லுவா. எனக்குச் சம்மதந்தான் டீச்சர். கூட்டிட்டுப் போங்க."

"அண்ணாச்சின்னா அண்ணாச்சிதான்!"

நிர்மலாதேவி துள்ளி எழுந்தாள். மனசு மாறுவதற்குள் முடித்துவிட வேண்டும். புதுச் சம்மதப் படிவத்தைக் காபி கொண்டுவந்த தட்டின் மேல் விரித்து, பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள்.

"இங்கன ஒரு கையெழுத்து. அம்புட்டுதான்."

அவர் பேனாவை வாங்கவில்லை. இடது பெருவிரலை நீட்டினார்.

"மை டப்பா இருந்தா குடுங்க டீச்சர். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது."

நிர்மலாதேவி கையிலிருந்த மறுப்புக் கடிதத்தைப் பார்த்தாள். அடியில் 'சிவனணைந்தபெருமாள்' என்று ஓர் எழுத்துப் பிசகாமல் கையெழுத்து. அவள் தலை நிமிர்வதற்குள் சத்யபிரியா ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"நான்தான் எழுதினேன் டீச்சர்! நான் ஆடப் போயி, அந்த நோயைக் கொண்டாந்து அப்பாவுக்கு ஒட்டிவிட்டா, இன்னொரு தடவ அவுக தாங்க மாட்டாவல்லா!"