கீழத்தெரு குழுவின் சீட்டு

போதகர் மூன்றாவது சீட்டைப் பிரித்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து டீச்சர் எட்டிப் பார்த்தாள்.

பச்சை மை. அவள் எழுத்துதான்.

ஆண்டவரே, முதல் வரியோடு நிறுத்திவிடட்டும்.

இது புதுப் போதகர் கொண்டுவந்த ஏற்பாடு. ஞாயிறு பிரசங்கம் மத்தியானச் சோற்றோடு செரித்துப்போகக் கூடாதாம். புதன்கிழமை வீட்டுக்கூட்டங்களில் அதையே எடுத்துப் பேச வேண்டும். பேச்சில் எழுந்த கேள்வியைக் குழுத் தலைவர் சீட்டில் எழுதிச் சனிக்கிழமைக்குள் பெட்டியில் போட வேண்டும். அடுத்த ஞாயிறு பீடத்தில் நின்று மூன்று சீட்டுகளைப் பிரிப்பார். மனதைத் தொட்ட ஒன்றிலிருந்து பிரசங்கம் தொடங்கும். முன்கூட்டியே பார்த்துவைத்தால் ஆள் பார்த்துப் பேசியதாகிவிடும் என்பார்.

கீழத்தெரு பெண்கள் குழுவுக்கு அவள் தலைவி. ஊரில் பாதிப் பேருக்குப் பாடம் சொன்ன டீச்சர். போதகர் இதுவரை அவள் சீட்டை இரண்டு முறை பிரித்தார். இரண்டு முறையும் "நல்லது" என்று ஓரமாக வைத்துவிட்டார். மில் காலனிக் குழுவின் சீட்டிலோ முக்கால் மணி நேரம் பிரசங்கித்தார். டீச்சருக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே?

போன ஞாயிறு, சொத்தைப் பிரித்துக்கொண்டு போய் அழித்துவிட்டுத் திரும்பி வந்த மகனுக்குத் தகப்பன் கன்று அடித்து விருந்து வைத்த கதை, கெட்ட குமாரனைப் பற்றிய பிரசங்கம்.

புதன்கிழமை எப்சிபா வாயைத் திறந்தாள். கூட்டத்தில் ஆமென் தவிர வேறு எதுவும் பேசாதவள்.

"அந்தக் கதையில தகப்பன் இருக்காரு, அண்ணன் இருக்கான், அடிச்ச கன்னுக்குட்டிகூட இருக்கு. அம்மா எங்க போனா, டீச்சர்?"

கேட்டுவிட்டு உடைந்து அழுதாள். அழுகையோடு மற்றதும் வந்தது. மகன் கிங்ஸ்லி வேறு மதத்துப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்து இரண்டு வருடம். இனி அவன் பெயரை எடுக்கக் கூடாது என்று கணவர் ஞானசிகாமணி சொன்னது சொன்னதுதான். மகன் மருந்துக் கம்பெனி வேலையாக வியாழன்தோறும் இந்த ஊர் வழியாகப் போகிறான். எப்சிபா பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பார்க்கிறாள். வீட்டில் உபவாச ஜெபம் என்று சொல்லிக்கொள்கிறாள். உபவாச ஜெபத்துக்கு மீன்குழம்புத் தூக்குச்சட்டியோடு போகிறவள் இந்த ஊரிலேயே அவள் ஒருத்திதான்.

பெண்கள் எல்லோரும் அழுதார்கள். வெளியே மூச்சு விட மாட்டோம் என்றார்கள்.

டீச்சரும்தான் சொன்னாள்.

அவர்கள் போன பிறகு சீட்டை எடுத்து வைத்து எழுதினாள். கேள்வி மட்டும் மொட்டையாக நின்றது. கொஞ்சம் விவரம் சேர்த்தால் எடுபடும் என்று தோன்றியது. பெயர் போடவில்லை, 'ஒரு சகோதரி' என்றுதான் எழுதினாள். ஆனால் பதிவுத் திருமணம், மருந்துக் கம்பெனி, வியாழக்கிழமை, மீன்குழம்பு. இவ்வளவையும் போட்டுவிட்டுப் பெயரை மட்டும் விட்டால் யாருக்குத்தான் தெரியாது?

பெட்டியில் போட்டுவிட்டு வீடு வந்த பிறகுதான் உறைத்தது.

பெட்டிக்குப் பூட்டு.

இப்போது முன் வரிசையில் எப்சிபா. முக்காடு போட்ட தலை குனிந்திருக்கிறது. ஆண்கள் பக்கம் ஞானசிகாமணி. சபைச் செயலாளர். கோபம் வந்தால் கோயில் மணியைவிடச் சத்தம் அதிகம்.

இது மட்டும் அவர் காதில் விழுந்தால் வியாழக்கிழமைகள் அத்தோடு முடிந்தன.

"கீழத்தெரு குழு கேட்கிறது," என்றார் போதகர். "கெட்ட குமாரன் கதையில் அம்மா எங்கே?"

சபையில் ஒரு சலசலப்பு.

போதகரின் கண் கீழே இறங்கியது. ஒரு வரி. இன்னொரு வரி. உதடு அசையவில்லை.

அவர் சீட்டை மடித்தார். பீடத்து வேதாகமத்துக்குள் வைத்தார்.

"இத்தனை வருடம் பிரசங்கம் செய்கிறேன். இதை நான் யோசித்ததில்லை."

அதற்கு மேல் அவர் பேசிய எதுவும் அவள் காதில் ஏறவில்லை. அப்பாடா என்று இருந்தது. கண் நிறைந்துவிட்டது. மில் காலனிக்காரர்கள் திரும்பிப் பார்த்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வெட்கங்கெட்ட மனசு.

ஆசீர்வாதம் முடிந்தது. போதகர் வாசலுக்குப் போய் ஒவ்வொருவருக்கும் கைகொடுக்கத் தொடங்கினார்.

எப்சிபா நெரிசலில் நகர்ந்து வந்து அவள் கையைப் பற்றினாள். அழுத்திப் பிடித்துவிட்டுப் போனாள். சீட்டில் அந்த ஒரு வரிதான் இருந்தது என்று நம்புகிறாள்.

சீட்டு.

ஆராதனை முடிந்ததும் சீட்டுகளை எடுத்துக் கோப்பில் வைப்பது செயலாளர் வேலை. வாரா வாரம் நடப்பது. எழுதும்போது அது நினைவுக்கு வரவேயில்லை.

டீச்சர் ஓடினாள். அறுபது வயதில் கோயிலுக்குள் அப்படி யாரும் ஓடுவதில்லை.

ஞானசிகாமணி பீடத்தில் நின்றிருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

முடித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

அவள் படிக்குக் கீழே நின்றாள். எழுதினது நான், அவளை ஒன்றும் சொல்லாதீர்கள் என்று சொல்ல வேண்டும். முதல் படியில் கால் வைத்தாள்.

மற்ற இரண்டு சீட்டுகளையும் அவர் கோப்பில் வைத்தார். பச்சை மைச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்தார். மெல்ல இறங்கி வந்தார். வாசல் பக்கம் பார்த்தார். அங்கே எப்சிபா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் விளக்கமா எழுதியிருக்கீங்க, டீச்சர்." குரல் எழும்பவில்லை. "பய மெலிஞ்சிருக்கானா, நல்லாருக்கானானு ஒரு வார்த்த எழுதலியே?"

அவள் வாயைத் திறந்தாள்.

அவளுக்குத் தெரியவில்லை. புதன்கிழமை எப்சிபாவிடம் அதை யாருமே கேட்கவில்லை.