கை குலுக்கல்

தச்சுப் பட்டறைக்கு வேலை கேட்டு வந்தவள், முதல் காரியமாக அங்கிருந்த ஆறு தச்சர்களின் கைகளையும் பிடித்துக் குலுக்கினாள். அதுவும் ஒவ்வொருவரின் இரண்டு கைகளையும் சேர்த்து.

"என்னம்மா, வேலை கேட்க வந்தியா, ஓட்டுக் கேட்க வந்தியா?" என்றார் முதலாளி. பட்டறையே சிரித்தது.

"வேலைதான் சார்."

"அப்ப இந்தப் பிளைவுட்டை நேரா ரெண்டா அறு. எந்த மெஷின் வேணுமோ எடுத்துக்கோ."

"ஜிக்சா ரம்பத்தை எடும்மா, உனக்கு லேசா இருக்கும்" என்றார் ஒரு தச்சர்.

"லேசா இருக்கும், நேரா இருக்காதுண்ணே."

வட்ட ரம்பத்தை எடுத்தாள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடின் கவசத்தைத் தூக்கி, கையை எடுத்தாள். அது டக்கென்று தானே மூடிக்கொண்டது. பிறகு பலகைமேல் ஒரு சட்டத்தை வைத்து இறுக்கி, பிளக்கைச் செருகி, சட்டத்தை ஒட்டியே அறுத்தாள். ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

"வேலை உனக்குத்தான்" என்றார் முதலாளி. "ஆனா கையைக் குலுக்கிக் காக்கா பிடிக்கிறதெல்லாம் இங்க ஆகாது."

"காக்கா பிடிக்கலை சார், எண்ணினேன். ஆறு பேருக்கும் அறுபது விரல் சரியா இருக்கு. நேத்துப் போன பட்டறையில நாலு பேருக்கு முப்பத்தேழுதான். வேண்டாம்னு வந்துட்டேன்."

முதலாளி தன் இரண்டு கைகளையும் நீட்டினார்.

"எழுபது வருதான்னு பார்த்துக்கோ. காலையில எட்டு மணிக்கு வந்துடு."