ஒன்பதாவது விண்டோஸ்

ஏழு மாதத்தில் ஒன்பதாவது முறையாக நிரஞ்சனியின் லேப்டாப் படுத்துவிட்டது. உலகத்திலேயே அதிக தடவை விண்டோஸ் போடப்பட்ட லேப்டாப் அதுவாகத்தான் இருக்கும்.

ரிப்பேர் கடைக்காரன் குகனுக்கு அதில் வருத்தமே இல்லை. கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரும்வரை, அவளிடம் சொல்லவேண்டியதை ரயிலில் ஆயிரம் முறை ஒத்திகை பார்ப்பான். அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் லேப்டாப்பைப் பற்றி மட்டும் பேசிவிட்டுத் திரும்புவான். இன்று எப்படியும் சொல்லிவிடுவது என்ற பதற்றத்தில், விண்டோஸ் இருந்த பென்டிரைவைக் கடையிலேயே விட்டுவிட்டான்.

“சாரி மிஸ். இதுல டிஸ்க் போட இடமும் இல்ல. பென்டிரைவ் இல்லாம ஒண்ணும் பண்ண முடியாது.”

“இத வச்சுப் பாருங்க பாஸ்,” என்று தன் கைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துக் கொடுத்தாள்.

செருகியதும் விண்டோஸ் தானாக ஏறத் தொடங்கியது. குகன் விழித்தான்.

“இது யார் செஞ்சு கொடுத்தது?”

“நான்தான். பங்சார்ல எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் இருநூறையும் நான்தானே பார்த்துக்கிறேன்.”

“அப்புறம் எதுக்கு என்னைக் கூப்பிட்டீங்க?”

“ஒவ்வொரு தடவையும் விண்டோஸை நானேதான் அழிச்சேன். ஒரு தடவையாவது வாயத் திறப்பீங்கன்னு பார்த்தேன் லா.”

“மிஸ், இன்னிக்கு நான்...”

அவள் நிமிராமல் ஒரு கல்யாணப் பத்திரிகையை நீட்டினாள்.

“நான் பத்து தடவை வரைக்கும் காத்திருந்திருப்பேன் பாஸ். அப்பாதான் எட்டாவது தடவையிலயே மாப்பிள்ளை பார்த்துட்டாரு.”