ஜல்லிக்கு அடியில் போன டம்ளர்

மழை வந்தால் முதலில் நனைவது மேஸ்திரி வீட்டுத் தரைதான், கண்ணுகளா. தெருவிலேயே பள்ளமான வீடு. "இந்த வருஷமும் தண்ணி உள்ள வந்துச்சுன்னா நான் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்" என்று அவர் மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்.

அதனால், தெருத் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் தொட்டியை மேஸ்திரி தன் வாசலுக்கு எதிரிலேயே பார்த்துப் பார்த்துக் கட்டினார். ஆளுயரத்துக்கு ஜல்லி கொட்டி முடித்த பிறகுதான், டீ குடித்த டம்ளரைத் தொட்டியின் அடியிலேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்தது.

"எங்கம்மா குடுத்த டம்ளர்! உங்களையும் சேர்த்து மூடியிருக்கணும்" என்றாள் மனைவி.

முதல் பெருமழை நாள் முழுக்கக் கொட்டியது. தண்ணீர் படிவரை வந்து தயங்கி, தொட்டிப் பக்கம் திரும்பிப் போய்விட்டது.

காலையில் மேஸ்திரி மூடியைத் திறந்தார். தண்ணீரெல்லாம் இறங்கியிருந்தது. ஜல்லியின் மேல் அந்த டம்ளர் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

மனைவி வாங்கி மோந்து பார்த்தாள். "நல்லா தேய்ச்சுக் கழுவியிருக்காங்க. யாருங்க?"

"நான் கட்டுனது தொட்டி மட்டுந்தான்."

அக்கா வீட்டுப் பேச்சு அதோடு நின்றது. அதன்பின் மேகம் கறுத்தாலே அவள் ஒரு டீ கூடுதலாகப் போடுவாள். மேஸ்திரி அதை ஜல்லிமேல் வைத்து மூடுவார். விடிந்தால் டம்ளர் கழுவிக் கவிழ்த்திருக்கும்.

போன மழைக்கு அதன் பக்கத்தில் வேறு இரண்டு டம்ளர்கள் இருந்தன, ஆவி பறக்கும் டீயோடு.

இருவரும் படியில் உட்கார்ந்து குடித்தார்கள்.

"சர்க்கரைதான் கொஞ்சம் கம்மி" என்றாள் மனைவி.